காருக்குப் போட்ட மாலை

பாவா அந்தக் காரை வாங்கியபோது அதற்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அக்கா புருஷனான பாவாவுக்குத் திருத்தணியில் மெக்கானிக் ஷெட். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் ஒரு மூடியைத் தூக்கினால் இன்னொருவர் உட்காரக் குழி. பொதட்டூர்பேட்டைப் பெண்ணோடு என் கல்யாணம் நிச்சயமானதும், "மாப்ளய இதுலதான் பொதட்டூர்பேட்டைக்கு இட்டுனு போவேன்" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டார்.

நான் ஏழாவதோடு நின்றவன். எந்திரம் தெரியாது. ஆனால் எதெது கழன்று விழும் என்று கவலைப்படப் படிப்பு எதற்கு?

வண்டி பார்க்க அழகாகத்தான் இருந்தது. சிவப்பு பெயிண்டில் முகம் தெரிந்தது. கூரைக்குக் கான்வாஸ் கிடைக்காததால், என் மாமனார் தன் தறியில் நெய்து நிச்சயத்துக்குச் சீராகக் கொடுத்த கட்டம்போட்ட லுங்கித் துணியை இரண்டாக மடித்துத் தைத்திருந்தார் பாவா. என் பக்கத்துக் கதவு திறக்காது; தாண்டித்தான் ஏற வேண்டும். ஸ்பீடு முள் நிற்கும்போதே நாற்பது காட்டியது. பெட்ரோல் முள் எப்போதும் முழு டாங்கி.

"பிரேக்கு பிடிக்குமா பாவா?"

"பிடிக்கும்டா."

"எப்போ?"

"மிதிச்சா."

உறவுக்காரர்கள் எல்லாரும் முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டார்கள். பெயிண்ட் காயவில்லை என்று என்னையும் அக்காவையும் மட்டும் பாவா நிறுத்தி வைத்தார். முகூர்த்தம் ஒன்பதுக்குள். தவறினால் ஆடி கழிந்துதான் என்று மாமனார் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

விடிந்ததும் காருக்கு விபூதி, சந்தனம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். இரண்டு மாலை வாங்கியிருந்தார் பாவா. சின்னது எனக்கு. ஆள் கனத்துக்கு இருந்த பெரியதை வளைத்து வளைத்துக் காரின் மூக்கு தெரியாமல் கட்டினார். தாலியும் கூரைப்புடவையும் வைத்த தட்டை மடியில் இடுக்கிக்கொண்டு, சீர்க்குடத்தைக் காலடியில் வைத்து, அக்கா பின்குழியில் இறங்கினாள்.

பாதி வழிக்குள் காற்றில் என் மாலை உதிர்ந்து வெறும் நாராகிவிட்டது. அதைவிடப் பெரிய கவலை, இன்னொரு முள் மெல்லச் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

"பாவா, சூடு காட்டுது."

"மத்த ரெண்டு முள்ளு உண்மை பேசுதா? இது மட்டும் இன்னா அரிச்சந்திரனா?"

சொல்லி வாய் மூடவில்லை, முன்னாலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. வண்டி முக்கி முனகி வயல் ஓரமாக நின்றது. பூவும் சந்தனமும் கலந்து வெந்த வாசனை. எங்களைத் தாண்டிப் போன பொதட்டூர்பேட்டை பஸ் நிற்காமல் ஹாரன் மட்டும் அடித்தது. முகூர்த்தம் போச்சு, பொண்ணு போச்சு என்று நான் உட்கார்ந்துவிட்டேன். பாவா கீழே படுத்து வண்டியின் அடிவயிற்றைத் தடவினார்.

பின்னாலிருந்து அக்கா கத்தினாள். "ஏங்க! மூக்க அடச்சிட்டா அது எப்புடி மூச்சு வுடும்? மாலைய அவுருங்க!"

பாவா எழுந்து மாலையைப் பார்த்தார். "காத்து உள்ள போற எடமே அதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவிழ்த்தார். சூடு தணிந்ததும் பம்புசெட்டிலிருந்து சீர்க்குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம். வண்டி இருமிவிட்டுக் கிளம்பியது.

"மாப்ள வெறும் கழுத்தோட போறதா?" என்று அந்த மாலையை அக்கா என் கழுத்தில் மாட்டினாள். இட்லிப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் வெந்த வாசனை அடித்தது. இடுப்புக்குக் கீழே அது எத்தனை முழம் தொங்கியதோ.

கல்யாண வீட்டு வாசலில் மாமனார் என்னைப் பார்க்கவில்லை. கூரையைத்தான் பார்த்தார். "இது நம்ம லுங்கியாச்சே?"

"ஆங், சாயம் போவல பாருங்க" என்றார் பாவா.

என்னை மணையில் பிடித்துத் தள்ளினார்கள். புரோகிதர் தாலியை நீட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் தலைகுனிந்திருந்தவள் மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள்.

"உங்க ஊர்ல மாலைய வேக வெச்சிதான் போடுவாங்களா?"

"ஆங்" என்றேன், பயத்தில்.

அவளுக்குச் சிரிப்பில் தோள் குலுங்கியது. அந்தக் குலுக்கலுக்கு நடுவில்தான், ஒன்பது அடிக்குமுன், மூன்று முடிச்சையும் எப்படியோ போட்டேன்.