ஆமைத் தொட்டியும் மூன்றாவது கேள்வியும்

கடலாமையை நான் முதன்முதலாகக் கையால் தொட்டது கடற்கரையில் இல்லை, நுவரெலியாவில். ஏப்ரல் சீசன் நேரம். கம்பளிச் சட்டைக்கு மேலே வெள்ளைக் கோட்டு போட்டிருந்தேன். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மலை உச்சியில் எனக்கென்ன வேலை என்று அந்த ஆமையே கேட்டிருக்கும்.

சண்டை நின்று சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. வீதித் தடைகளை எடுத்துவிட்டதால் கொழும்புச் சனம் வாகனம் வாகனமாக மலையேறி வந்தது. தெற்குக் கரையில் ஆமைப் பண்ணை வைத்திருந்த ஒரு முதலாளி அந்தக் கூட்டத்தைக் கணக்குப் பண்ணி, பேராமை என்கிற இனத்தில் நடுத்தர அளவுக் கடலாமை ஒன்றை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து, கார்னிவலில் ஒரு தகரக் கொட்டகைக்குள் தொட்டி கட்டி விட்டிருந்தார். டிக்கட் எடுத்தால் தொட்டும் பார்க்கலாம். அனுமதிக் கடிதம் எப்படிக் கிடைத்ததோ, அது முதலாளிக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். சீசன் முடிந்ததும் ஆமை திரும்பவும் பண்ணைக் குளத்துக்குப் போகும். அங்கே மற்ற ஆமைகளோடு கொஞ்ச நாள் இருக்கும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கடலில் விடுவார்கள்.

அந்த இடத்தில்தான் எங்கள் வேலை வந்தது. கண்டிப் பக்கம் விலங்கு நோய் ஆய்வுகூடம் ஒன்றில் நான் உதவியாளராக இருந்தேன். மலையில் நூறு பேர் கைபட்ட ஆமைக்கு ஏதாவது நோய் தொற்றி, அதோடு அது குளத்துக்குப் போனால், குளத்திலிருந்து நோய் கடலுக்குப் போகும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் ஒரு வீட்டில் அம்மை என்றால் கதவைச் சாத்தி வேப்பிலை கட்டலாம். கடலுக்குக் கதவு இல்லை. அதனால் ஆமையைப் பார்த்து, தோலிலும் ஓட்டிலும் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்து, ஒரு படிவத்தை நிரப்பி, நோய் பரவும் ஆபத்து குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று எழுத வேண்டும். படிவத்தில் மூன்றாவது கேள்வி: கடந்த இரண்டு வாரத்துக்குள் ஏதாவது மருந்து போடப்பட்டதா? எங்கள் பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்து அம்மா. அந்தக் கேள்வியைச் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டுக் கொடுத்திருந்தார். மருந்து பட்ட இடத்தில் குச்சியை ஒற்றினால் ஆய்வுகூடத்துத் தட்டில் ஒன்றும் வளராது. நோய் உள்ளே இருந்தும் இல்லாதது மாதிரித் தெரியும்.

கொட்டகைக்குள் நுழைந்தேன். தொட்டிக்குப் பக்கத்தில், முழங்கால் வரை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியும் கையுமாக என் அண்ணன் நின்றான்.

என் கூடப் பிறந்த அண்ணன். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற ஆளாக இருந்தவன். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கோடு வாய்த்தகராறாகி, கோபத்தில் மருந்து மெசினைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியேறியவன். நுவரெலியாவில் ஏதோ கண்காட்சியில் வேலை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான். எந்தக் கண்காட்சி என்று நான் கேட்டதில்லை.

என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு முதலாளியிடம் சிங்களத்தில், யார் ஆமையைப் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன்.

"வத்தே கெனெக்," என்றார் அவர். தோட்டத்து ஆள் ஒருத்தன், அவ்வளவுதான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே விளக்கம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொந்த அண்ணன் பராமரிக்கிற ஆமைக்குத் தங்கை சான்று எழுதுவது முறையில்லை, அதனால்தான் என்று. பொய். ஆய்வுகூடத்தில் என்னை ஹட்டன் டவுன் பிள்ளை என்றுதான் எல்லோருக்கும் தெரியும். லயத்துப் பிள்ளை என்று நான் சொல்லவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிய அந்த ஆள் என் அண்ணன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. படிவத்தில் பராமரிப்பவர் என்ற இடத்தில் அவன் பெயரைக்கூட எழுதாமல், 'தொழிலாளி ஒருவர்' என்று எழுதினேன். பெயரை எழுதினால் அவனுக்கும் எனக்கும் ஒரே அப்பா பெயர் என்று டொக்டர் கண்டுபிடித்துவிடுவார்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் சட்டென்று அடங்கியது. வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

ஆமை குளிரில் விறைத்துப்போய் ஒரு மூலையில் கிடந்தது. மேலே ஒரு பெரிய பல்பு தொங்கியது, பேருக்குச் சூடு. லொறியில் வந்த கடல்தண்ணீர் குறையக் குறைய, வாவித் தண்ணீரும் கடை உப்பும் கலந்து ஊற்றியிருக்கிறார்கள். உப்புச் சரியா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நாக்குல வச்சுப் பாப்பேங்க, மிஸ்," என்றான் அண்ணன்.

மிஸ். என்னைக் கைப்பிடித்து ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போனவன் என்னை மிஸ் என்றான்.

ஆமையின் கழுத்திலும் முன் துடுப்புகளிலும் மங்கலான தழும்புகள் இருந்தன. ஓட்டின் ஓரம் கொஞ்சம் அரித்திருந்தது. புதுப் புண் எதுவும் தெரியவில்லை. குச்சிகளால் ஒற்றி எடுத்துச் சிறிய குழாய்களில் போட்டேன். குனிந்தபோதுதான் அந்த வாளியின் விளிம்பைப் பார்த்தேன். நீலப்பச்சையாக ஒரு கறை. நிமிர்ந்து அவன் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணிலும் அதே நிறம்.

அந்த நிறம் எனக்குத் தெரியாதா? மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்தில் வெள்ளைக் கொப்புளம் கண்டால் அடிக்கிற, செம்பு கலந்த கொப்பர் மருந்து. எத்தனை வருடம் அவன் காற்சட்டையை அம்மா தனியாக ஊறப்போட்டிருக்கிறார்.

மூன்றாவது கேள்வியை வாசித்தேன். "தொட்டியிலயோ ஆமை மேலயோ ஏதாவது மருந்து போட்டீங்களா?"

அவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளிக்குத் தமிழ் தெரியாது. பிறகு என்னைப் பார்த்தான். நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் போடலீங்க, மிஸ்."

'இல்லை' என்று எழுதினேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு அவன் பின்னாலேயே ஓடி வந்தான். கையில் லீக்ஸும் கரட்டும் ஒரு பையில், அம்மாவுக்கு. மூச்சு வாங்கியது. "பாப்பா, மொதலாளி என்னையும் கடலுக்குக் கூட்டிட்டுப் போறாரு. ஆமையோடவே. பெர்மனன்ட் வேல. அம்மாகிட்ட சொல்லிரு." கொட்டகையில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் பையை வாங்கிக்கொண்டேன். அப்போதாவது கேட்டிருக்கலாம். பக்கத்தில் முதலாளி இல்லை, படிவம் இல்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவான் என்ற பயத்தில்தான் கேட்கவில்லை. சொன்னால் நான் அதை எழுத வேண்டும். எழுதினால் அவன் கடலைப் பார்க்க மாட்டான். ஊருக்குப் போகிற ஹட்டன் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன்.

தட்டுகளில் ஒன்றும் வளரவில்லை. டொக்டர் அவற்றை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தண்ணிக்குள்ள கிடக்கிற சீவன். சும்மா இருக்கிற கிருமிகூட ஒண்டும் முளைக்கேல்லையே. நீர் மருந்தைப் பற்றிக் கேட்டனீரோ?"

"கேட்டேன் டொக்டர். போடலைன்னு சொன்னாங்க."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. டொக்டர் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, 'குறைவு' என்ற கட்டத்தில் அடையாளம் போட்டார்.

இரண்டு மாதம் கழித்துப் பண்ணையிலிருந்து செய்தி வந்தது. டொக்டரோடு நானும் போனேன். காலை வெயில் அப்போதே சுட்டது. குளத்துக்கு வெளியே தென்னை ஓலையில் நான்கு ஆமைகள் செத்துக் கிடந்தன. கழுத்திலும் துடுப்புகளிலும் வெள்ளை வெள்ளையாகப் பூசணம், அதற்குக் கீழே சதை கரைந்திருந்தது. குளத்துக்குள் மீதி இருந்தவற்றிலும் அதே வெள்ளை. எங்கள் நுவரெலியா ஆமை எது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. தண்ணீர் லேசான நீலமாக இருந்தது.

அண்ணன் ஐந்தாவது ஆமையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான். கறுத்து, மெலிந்து, கண் சிவந்திருந்தான். அவன் அழுதிருக்கிறான் என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

டொக்டர் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "ஆர் இதுக்குள்ள மருந்து ஊத்தினது?" என்றார்.

"நாந்தாங்க," என்றான் உடனே. "வெள்ளையா பூசணம் பிடிச்சிச்சுங்க. கொழுந்துக்கு அடிக்கிற கொப்பரு. எலைக்கி சொகமாவறது இதுக்கும் ஆவும்னு நெனச்சுப்புட்டேன்."

டொக்டருக்குக் கோபம் வரவில்லை. அவர் மெதுவாகத்தான் விளக்கினார். மேலே இருக்கிற பூசணம் கொஞ்சம் அடங்கும், உள்ளே இருக்கிறது அடங்காது, நோய் முற்றின ஆமையை அந்த மருந்தே கொன்றுவிடும். பிறகு கேட்டார்: "நுவரெலியாவில இருக்கேக்கையும் இதைப் போட்டனீரோ? வடிவா யோசிச்சுச் சொல்லும். அப்ப போட்டிருந்தால் எங்கட முடிவு முழுக்கப் பிழை."

சொல்லிவிடு அண்ணே என்று ஒரு மனம். சொல்லிவிடாதே என்று இன்னொரு மனம். இரண்டாவது மனம்தான் பெரிதாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. "இல்லீங்க டொக்டர். அங்க போடல. இங்க வந்துதான். அந்த மிஸ்ஸு அப்பயே கேட்டாங்க, நா ஒண்ணும் போடலன்னு சொன்னேன். நெசந்தாங்க."

நான் குனிந்து அதையும் எழுதிக்கொண்டேன்.

அன்றைக்கே அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். குளத்து ஆமைகளைக் கடலில் விடுவதும் நின்றது. பிழைத்தவை எத்தனை என்று நான் விசாரிக்கவில்லை. டொக்டர் தன் குறிப்பில் நோய் பண்ணைக் குளத்திலேயே தொடங்கியதாக எழுதினார். அதனால் கண்காட்சித் தொட்டிகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த சீசனுக்கும் நுவரெலியாவுக்கு ஒரு ஆமை வந்தது. அதைப் பார்க்கப் போக எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் இப்போது ஹட்டனில் ஒரு மரக்கறிக் கடையில் மூட்டை இறக்குகிறான். கடல் பற்றி யாராவது கேட்டால், "பாத்துருக்கேன், பெருசு," என்பதோடு நிறுத்திக்கொள்வான். போன வருடம் மழை நாளொன்றில் வீட்டுக்கு வந்தான். என் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போயிருந்தார்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, எத்தனையோ வருடமாகத் தொண்டையில் கிடந்ததைச் சொன்னேன். அன்றைக்கே அந்த வாளியைப் பார்த்தேன், உன் நகத்தையும் பார்த்தேன் என்று.

"தெரியும். நீ பாத்தத நா பாத்தேன்ல," என்றான்.

"பெறகு ஏண்ணே போடலன்னு சொன்ன? வேலை போயிரும்னா?"

அவன் பிளேன்டீயை ஊதிக் கொஞ்சம் குடித்தான். கோபம் எதுவும் இல்லை குரலில். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"வேல கெடக்குது, பாப்பா. நீ அண்ணேன்னு கூப்புட்டுக் கேட்டிருந்தா சொல்லிருப்பேன். எவளோ ஒரு மிஸ்ஸு வந்து கேட்டா நா என்னாத்த சொல்றது?"