நாலு மாசம்னு எழுதுங்க

பன்னிரண்டு வயதில் ஊரே சேர்ந்து எனக்கு ஒரு பட்டம் கொடுத்தது: நடிகை. வலது முட்டி வலிக்கிறது என்று உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு. கொரட்டூரில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் பத்து நிமிட நடை. அதற்குள் மூன்று இடத்தில் நின்று முட்டியைப் பிடித்துக்கொள்வேன். நான் கொஞ்சம் குண்டு வேறு, கேட்கவா வேண்டும்! உடம்பைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பால் போடுகிறவர்கூட வைத்தியம் சொன்னார்.

அம்மா தைலம் தேய்த்துப் பார்த்தாள். பிறகு தெருமுனை கிளினிக்கில் முட்டியை எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த சித்தப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தீர்ப்பும் வழங்கிவிட்டார்.

"ஒன்னியும் இல்ல அண்ணி. ஸ்போர்ட்ஸ் டேல ஓடணுமேன்னு டபாய்ச்சிகினு கீது."

அம்மா அவரை நம்பினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொங்கல் லீவு முடிந்த வாரம் விளையாட்டு மைதானத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பி.டி. மாஸ்டர் விசில் ஊதினார், மிரட்டினார், கடைசியில் வீட்டுக்குப் போன் போட்டார். அம்மாவும் சித்தப்பாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால்தான் எழுந்திருப்பேன் என்றேன். என் குட்டு உடையட்டும் என்றுதான் கூட்டிப் போனார்கள்.

அங்கே எலும்பு டாக்டர் முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் படுக்க வைத்துக் காலை மடக்கினார். அது நேராக வராமல் தானாக வெளிப்பக்கம் சாய்ந்தது. உடனே இடுப்பை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். பார்த்துவிட்டு, தலைக்கும் கழுத்துக்கும் நடுவில் எலும்பு சறுக்கியிருக்கிறது என்றார். சித்தப்பா பதறிப்போய் என் கழுத்தைத் தடவ ஆரம்பித்தார்.

"கழுத்து நல்லாத்தானே கீது சார்!"

"தொடை எலும்புக்கும் தலை, கழுத்து எல்லாம் உண்டுங்க. கோளாறு இடுப்புல. வலி முட்டியில தெரியும். இனி இவ காலைத் தரையில வைக்கக்கூடாது, நாளைக்கே ஸ்க்ரூ போடணும்."

சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தேன். ஆபரேஷன் பயம்கூட அப்போது எனக்கு வரவில்லை.

சாயங்காலம் ஒரு இளம் டாக்டரம்மா படிவத்தோடு கட்டிலருகே வந்தார். இந்தக் கோளாறு வந்த பல பிள்ளைகளுக்கு முட்டியை மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள், அதில் எவ்வளவு நாள் வீணாகிறது என்று ஆராய்ச்சி செய்கிறோம் என்றார். அம்மாவின் கையெழுத்தோடு என் சம்மதமும் வேண்டுமாம். என் சம்மதத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"வலிக்குதுன்னு முதல்ல எப்போ சொன்னா?"

"ரெண்டு வாரமாத்தான் மேடம் சொல்லிகினு கீது" என்றாள் அம்மா.

"பொய்! நாலு மாசம்!" வார்டே திரும்பிப் பார்த்தது. "காலாண்டுப் பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே சொன்னேன். ஏரிக்கரைல நீ மீன் வாங்கிகினு இருந்தே. நடிக்காதேன்னு சொன்னே."

"கொஞ்சம் சும்மா இருடி."

"ரெண்டு வாரம்னு எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

டாக்டரம்மா பேனாவைப் பிடித்தபடி அம்மாவைப் பார்த்தார். அம்மா மறுக்கவில்லை. நாலு மாதம் என்று எழுதினார். கட்டத்தில் கண்ணால் பார்த்த பிறகுதான் என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டேன். அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபமா, இருக்கட்டும் என்று நானும் மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.

இன்றைக்கு யார் கேட்டாலும் நாலு மாதம் என்றுதான் சொல்வேன், ஒரு நாள் குறைக்க மாட்டேன். ஆனால் அன்று, எக்ஸ்ரே பார்த்த பிறகும் அம்மா என்னை நம்பவில்லை, அதனால்தான் குறைத்துச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நம்பிவிட்டதால்தான் அந்த நாலு மாதத்தை அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.