பொங்கல் சட்டியில் என் செங்காந்தள்

“...இம்புட்டுக் கிழங்கை மண்ணுக்குள்ள வச்சுக்கிட்டு, கடைக்கு ஆள் அனுப்புதியேட்டி!” என்று சிரித்தார் மைனி, என் வீட்டுக்காரரின் அக்கா. பொங்கலுக்குக் கடையநல்லூரிலிருந்து எங்கள் சங்கரன்கோவில் வீட்டுக்கு வந்திருந்தார்.

வேலியில் காய்ந்து கிடந்த கொடியைப் பார்த்து, வள்ளிக்கிழங்கு என்று தோண்டி, நறுக்கிக் குழம்பிலும் போட்டுவிட்டார். கூடத்தில் பிள்ளைகள் இலை முன்னால் உட்கார்ந்தாயிற்று.

சுளகில் மிச்சம் இருந்த கிழங்கு கலப்பை போலக் கவட்டையாக இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. பூவுக்காக நான் வளர்த்த செங்காந்தள் அது! கார்த்திகையில் மஞ்சளும் சிவப்புமாகப் பூத்துவிட்டுக் கொடி காய்ந்துவிடும். கிழங்கு மட்டும் அடுத்த மழைக்காக மண்ணுக்குள் காத்திருக்கும். அத்தனையும் விஷம்.

“மைனி, இதைத் தின்னா ஆளே போயிரும்!”

“நல்ல நாளும் பொழுதுமா என்ன பேச்சுட்டி பேசுத?” என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துப் போட்டார்.

இப்போதெல்லாம் விருந்தாளி யார் வந்தாலும், காபிக்கு முன்னால் அந்தக் கொடியைக் காட்டிச் சொல்லிவிடுகிறேன்.

அன்று மைனி குழம்பைக் குழி தோண்டிக் கொட்டி மூடினார், மண்சட்டியையும் உடைத்தார். பிறகு, “பூ அம்புட்டு அழகாவாட்டி இருக்கும்?” என்று கேட்டுவிட்டு, மிச்சக் கிழங்கைத் தாமே வேலியோரத்தில் ஊன்றி, சுற்றிலும் கருவேல முள்ளை அடைத்தார்.