அப்பா தோளில் வைத்த பெட்டி

எங்கள் அப்பா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்து அறையில் பிறந்தவர். கலவரத்தில் லயம் எரிந்தபோது பெற்றோருடன் லொறியேறி வன்னிக்கு வந்தார். துணுக்காய்ப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார்கள். மாங்குளத்தில் ஒரு நெல் ஆலையில் மூட்டை தூக்கினார். அம்மாவை மணந்தார். நான் பிறந்தேன், பிறகு தங்கச்சி. பிறகு யுத்தத்தில் நடந்ததை இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எல்லோரும் ஒரே பாதையால் போனோம், வந்தோம். அம்மா மட்டும் திரும்பி வரவில்லை.

அப்பா கடைசி வரை தோட்டத்துத் தமிழே பேசினார். குடிக்க மாட்டார். சண்டைக்குப் போக மாட்டார். பொய் சொல்ல மாட்டார். எனக்குத் தெரிய ஒரே ஒரு பொய்யைச் சொன்னார். அதைத்தான் எழுத வந்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தங்கச்சி அப்படியில்லை. தொழில்நுட்பப் பட்டப்படிப்புக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். கணினி இல்லாமல் அந்தப் படிப்பு இல்லை. தங்க இடம் வேண்டும், சாப்பாடு வேண்டும். அப்பா உதவி தேடி அலைந்தார்.

அந்த நேரம் பார்த்து வெளிநாட்டில் இருந்து அவர் வந்தார். அப்பாவின் கூட்டாளி. ஒரே லயத்தில் பிறந்து, ஒரே லொறியில் வந்தவர்கள். நாங்கள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். கோயில் திருவிழா மேடையில் தங்கச்சியை ஏற்றி, மைக்கில் சொன்னார்:

"இது என்ர கூட்டாளியின்ர மகள். படிச்சு முடியுமட்டும் இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு."

ஊரே கைதட்டியது. லப்டொப் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்தார். படம் எடுத்தார்கள். தங்கச்சி சிரித்துக்கொண்டு நின்றாள். இறங்கி வந்து என் காதில் சொன்னாள்: "அண்ணா, பாரமில்லை."

அப்பா பெட்டியை வாங்கினார். ஆயுள் முழுக்க மூட்டை தூக்கிய கைக்குத் தராசு தேவையில்லை. அவர் மாமாவைப் பார்த்தார்.

"இப்ப படத்துக்குத்தான் பெட்டி. சாமான் அடுத்த கிழமை வரும்," என்றார் மாமா.

அப்பா வெறும் பெட்டியைத் தோளில் வைத்தார். நெல் மூட்டைக்கு வளைவதுபோல முதுகை வளைத்தார். சந்திக் கடைக்காரர் கேட்டார், "என்னண்ணை, நல்ல பாரம்போல?"

"பாரந்தாங்க," என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோபம்.

"ஏனப்பா இந்தக் கூத்து?"

"ஊருக்கு முன்னால சொல்லிப்புட்டான்டா. அவன் பேரு கெடக்கூடாது."

"எங்கட பேர்?"

"நமக்கு ஏதுடா பேரு," என்று சிரித்தார்.

அடுத்த கிழமை வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. தொலைபேசியில் மாமா "அனுப்பிட்டன்" என்றார். பிறகு "வேலை, பிறகு எடுக்கிறன்" என்றார். பிறகு எடுக்கவே இல்லை.

அப்போதுதான் செட்டிகுளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தன் பழைய மாணவர்களிடம் சேர்த்து, படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவர். கதிரையில் இருந்துகொண்டு அப்பாவைக் கேட்டார்:

"பிள்ளைக்கு வேற ஆரும் உதவி செய்யினமோ? இல்லையெண்டா நாங்கள் செய்வம்."

"ஓமுங்க. ஒருத்தரு பொறுப்பெடுத்திருக்காரு."

அதுதான் அந்தப் பொய். சந்தியில் சொன்னதை நான் பொய்யாக எண்ணவில்லை; அது பாரந்தான். தங்கச்சி தேநீரோடு குசினி வாசலில் நின்றாள். ஊரறியப் பொறுப்பென்று சொன்னவர் இருக்கும்போது இன்னொருவரிடம் கை நீட்டினால், சொன்னவரைச் சந்தியில் நிறுத்தியது போலாகும். எங்கள் ஆட்களுக்கு அது பெரிய விஷயம். ஆசிரியர் தேநீர் குடித்துவிட்டு, "நல்லது, நல்லது" என்று போனார். அந்த உதவி வேறொரு பிள்ளைக்குப் போனது. அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

"அப்பா, மாமா தரமாட்டார்," என்றாள் தங்கச்சி.

"தெரியும்மா," என்றார் அப்பா.

நெஞ்சு நோவுக்குப் பாரம் தூக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மறுநாள் அப்பா ஆலைக்குப் போய், லொறி ஏற்றும் வேலையையும் கேட்டு வாங்கினார். நான் உழவு இயந்திரம் ஓட்டினேன். தங்கச்சி அறைத்தோழியின் கணினியில் படித்தாள். பட்டம் எடுத்தாள். பட்டமளிப்புக்கு அப்பா புது வேட்டி கட்டிப் போனார். திரும்பி வந்து படுத்தவர் பிறகு ஆலைக்குப் போகவில்லை. நெஞ்சு ஏலாமல் போய்விட்டது. தங்கச்சி பார்த்தாள், நான் பார்த்தேன். ஒரு காலையில், தேத்தண்ணி கேட்டுவிட்டுக் குடிக்காமலே போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு மாமா வந்தார். மைக்கை வாங்கினார்.

"என்ர கூட்டாளியின்ர மகளை நான்தான் பொறுப்பெடுத்துப் படிப்பிச்சன். அந்த நிம்மதியோட அவர் கண்ணை மூடினார்."

சனம் தலையாட்டியது. ஒருவர் என் கையைப் பிடித்து, "இப்பிடி ஒரு மனிசன் கிடைக்கக் குடுத்துவைக்கோணும் தம்பி" என்றார். தங்கச்சி என்னைப் பார்த்தாள். அப்பா கிடக்கும் இடத்தில், அப்பா காப்பாற்றிய பேரை நான் உடைக்க விரும்பவில்லை.

இன்று அப்பாவின் முப்பத்தோராம் நாள் நினைவு. அப்பா இருந்தால் இதை எழுத விடமாட்டார். ஆனால் அவர் தூக்கிய மூட்டை தன் தோளில் இருந்ததாக இன்னொருவர் சொல்வதை என்னால் விட முடியவில்லை. பொறுப்பெடுத்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அப்பா களைத்தபோது அவர் பங்கு மூட்டையையும் தங்கள் முதுகில் எடுத்த ஆலைத் தொழிலாளிகளுக்கு நன்றி. கணினியைப் பகிர்ந்த அந்த அறைத்தோழிக்கு நன்றி. செட்டிகுளத்து ஐயா, அன்று எங்கள் வீட்டில் அப்பா உங்களுக்குச் சொன்னது பொய். அப்பாவை மன்னித்துக்கொள்ளுங்கள். வீடு தேடி வந்ததற்கு நன்றி. பந்தல் போட்டவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், அடுப்படியில் நின்றவர்களுக்கும் நன்றி.

மாமாவுக்கும் இந்த மலரில் ஒன்று அனுப்புகிறோம். அவர் தந்த பெட்டி எங்கள் அலுமாரிக்கு மேல் அப்படியே இருக்கிறது. வந்தால் எடுத்துப் போகலாம். தோளில் வைக்கத் தேவையில்லை. ஒரு கையால் தூக்கலாம்.

மகன்