தேய்ந்த புல்லியை மாதிரியாகக் கொடுத்தேன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதம், களியக்காவிளைக்குப் பக்கத்தில் என் வீட்டு முற்றத்தில் தொடங்கியது இது. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ரப்பர் தோட்டத்துத் துரை ஒருவரிடம் நான்கு வருஷம் டிரைவராக இருந்தேன். அவர் கப்பலேறிப் போனபோது அவருடைய பழைய காரை நான் எடுத்துக்கொண்டு வாடகைக்கு ஓட்டினேன். எங்கள் பக்கத்தில் கார் வைத்திருந்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். சந்தையில் நான் இறங்கி நடந்தால் நாலு பேர் வழிவிட்டு நிற்பார்கள். தலைக்கனம் ஏற அது போதாதா?

உண்மையைச் சொன்னால் எனக்குக் காரை ஓட்டத் தெரியும், துடைக்கத் தெரியும். பழுது பார்ப்பதெல்லாம் தோட்டத்து மெக்கானிக்கின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக் கற்றதுதான். ஆனால் ஊரில் யாராவது கேட்டால், எஞ்சினைப் பெற்று வளர்த்ததே நான்தான் என்பது போலப் பேசுவேன்.

அந்தப் பங்குனியில் கார் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. எஞ்சினுக்கு முன்னால், ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு விசிறி உண்டு. அது சுற்றினால்தான் ரேடியேட்டர் தண்ணீர் சூடு ஆறும். அதைச் சுற்ற வைப்பது நான்கு விரல் அகலமில்லாத ஒரு தோல் பெல்ட். அந்த பெல்ட் இரண்டு சின்னச் சக்கரங்கள் மேல் ஓடும். கீழே எஞ்சின் தண்டில் ஒன்று, மேலே விசிறியில் ஒன்று. புல்லி என்போம். என் காரில் பெல்ட் அடிக்கடி கழன்று விழுந்தது. பெல்ட்தான் மோசம் என்று இரண்டு முறை புதுத் தோல் வெட்டி மாட்டினேன். அதுவும் விழுந்தது. பிறகுதான் புல்லிகளைத் தடவிப் பார்த்தேன். இரண்டும் நடுவில் தேய்ந்து குழிந்து போயிருந்தன.

நாகர்கோவிலில் விசாரித்ததில், சீமையிலிருந்து வர வேண்டும், இரண்டு மாதமாவது ஆகும் என்றார்கள். வரவழைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு மாதம் காரைச் சும்மா போட்டுவிட்டு என்ன செய்வது? வீட்டிலேயே மாற்றிவிடுகிறேன் என்று இறங்கினேன்.

முற்றத்துப் பிலா மரத்தடியில் காரை நிறுத்தி, ரேடியேட்டரை இறக்கி, இரண்டு புல்லிகளையும் கழற்றினேன். கழற்றிய நட்டுகளையும் போல்ட்டுகளையும் போட்டுவைக்க என் மனைவியின் சுளகைத்தான் எடுத்தேன். அவள் அரிசி புடைக்க வந்து சுளகில் கறுப்பு எண்ணெயைப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தம் பனைகள் நிற்கிற அடுத்த விளை வரைக்கும் கேட்டிருக்கும்.

கட்டில் கால் கடைகிற ஆசாரி ஒருவர் எங்களூரில் இருந்தார். வைரம் பாய்ந்த புளிய மரக்கட்டை இருந்தால் இரும்பு போல நிற்கும் என்றார். பழைய புல்லிகளை அவர் கையில் கொடுத்து, இதே போல இரண்டு வேண்டும் என்றேன். அவர் கெட்டிக்காரர். விளிம்பில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார்.

"அண்ணே, இதுக்க ஓரமும் நடுவும் ஒரே மட்டமா இல்லியே. இப்பிடியேயா செய்யியது?"

"மாதிரி தந்தா மாதிரி போல செய்யும் ஆசாரி. நடுவுல குழி இருந்தாத்தான் பெல்ட்டு அதுல பதிஞ்சு இருக்கும். வேணும்னா இன்னும் ஒரு நூலு குழிச்சு விடும்."

எனக்கு மனதில் இருந்தது கிணற்றுக் கப்பி. கப்பியில் கயிறு பள்ளத்தில்தானே உட்கார்ந்து ஓடுகிறது? பள்ளம் இருந்தால் கயிறு எங்கே போகும்? கயிற்றுக்குச் சரியாக இருப்பது பட்டைக்கும் சரியாகத்தானே இருக்கும் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். ஆசாரியும் தேய்மானத்தையும் சேர்த்து, அதற்கு மேல் ஒரு நூலும், அதாவது அரைக்கால் அங்குலமும், குழித்து, பளபளவென்று கடைந்து தந்தார்.

அவற்றை மாட்டிக்கொண்டிருந்த அன்று காலையில் எங்கள் பக்கத்து விளைக்காரப் பெண் அக்கானி, அதாவது பதநீர், கொண்டு வந்தாள். அவள் புருஷன் பனை ஏறுகிறவர். எங்கள் வீட்டுக்குப் பனை ஏறுகிற ஆறு மாதமும் அவர்களிடமிருந்துதான் அக்கானியும் கருப்பட்டியும். பனை ஏற்று இல்லாத மாதங்களில் அவள் குழித்துறையில் ஒரு நெல் மில்லில் வேலைக்குப் போவாள். கலயத்தை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுக் காரின் பக்கம் வந்து நின்றாள். நான் மாட்டப் போன புல்லியைப் பார்த்தாள்.

"அண்ணே, இது நடுவு குழிஞ்சில்லா இருக்கு? மில்லுல பெல்ட்டு ஓடுத வீலுக்கு நடுவுல வயிறு தள்ளி இருக்கும். அதாக்கும் பெல்ட்டு வெளிய சாடாது."

எனக்குச் சுருக்கென்றது. நெல் காயப்போடுகிறவள் எனக்குக் கார் சொல்லித் தருகிறாளா?

"மில்லு வேற, காரு வேற. நீ போயி கருப்பட்டி காச்சியத பாரு, ஏட்டி."

அவள் கோபப்படவில்லை. "கண்டத பறஞ்சேன் அண்ணே," என்று சிரித்துவிட்டுக் கலயத்தை வாங்கிக்கொண்டு போனாள். என் மனைவி மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பார்க்காதது போல ஸ்பானரைத் திருகினேன்.

எஞ்சினை ஓட விட்டேன். முற்றத்தில் நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் ஓடியது. பெல்ட் அசையவில்லை. "பாத்தியா?" என்று மனைவியிடம் கேட்டேன். அவள் சுளகைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். விளைக்குள்ளிருந்து கூப்பாடு கேட்டது. அந்தப் பெண்ணின் புருஷன் பனையிலிருந்து விழுந்துவிட்டார். ஓடிப் போய்ப் பார்த்தேன். தொடை எலும்பு ஒடிந்து சதையைக் கிழித்து வெளியே தெரிந்தது. யாரோ துண்டை வைத்து இறுகக் கட்டியிருந்தார்கள். துண்டு முழுக்க ரத்தம். நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பார் என்றார்கள். கட்டிலில் வைத்துச் சுமந்து போனால் பொழுது சாய்ந்துவிடும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது உண்மையாகவே பெருமையாக இருந்தது. எவ்வளவு கேவலம் என்று பாருங்கள், ஒரு மனுஷன் துடித்துக்கொண்டிருக்கும்போது என் காருக்கு வேலை வந்ததென்று எனக்குப் பெருமை.

நாலு பேர் தூக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்தார்கள். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஏறினாள். மற்றவர்கள் குறுக்கு வழியில் நடந்து வருவதாகச் சொன்னார்கள்.

குழித்துறைப் பாலம் தாண்டும் வரை எல்லாம் சரியாக இருந்தது. கருங்கல் ஊருக்குப் போகிற ரோட்டில் முதல் ஏற்றத்தில் எஞ்சினை அழுத்தினேன். படார் என்று ஒரு சத்தம். பெல்ட் விழுந்துவிட்டது. இறங்கி மாட்டினேன். அரை மைல் போகவில்லை, மறுபடியும் விழுந்தது. இன்னும் இறுக்கி மாட்டினேன். ஏற்றம் முடிவதற்குள் மூன்றாவது முறை. இந்தத் தடவை பெல்ட்டின் ஓரம் கிழிந்து நார் நாராகத் தொங்கியது. விசிறி இல்லாமலே ஓட்டிப் பார்த்தேன். பங்குனி வெயிலில் சீக்கிரமே ரேடியேட்டர் கொதித்து ஆவி அடித்தது. பக்கத்து வாய்க்காலிலிருந்து வெள்ளம் கோரி ஊற்றிக்கொண்டு, ஆறட்டும் என்று நின்றேன். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. பின் சீட்டில் அவர் முனகுவது மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த முனகலும் குறைந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பெல்ட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். அவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நேற்று அவள் சொன்னது அப்போதுதான் முழுசாக மண்டையில் ஏறியது.

அவள் புருஷன் தலையை மெல்ல இறக்கி, சுருட்டிய சாக்கின் மேல் வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"அண்ணே, கத்தி உண்டா?"

டூல்ஸ் பெட்டியில் ஒரு பேனாக்கத்தி கிடந்தது. கொடுத்தேன். ரோட்டோரத்தில் ஒரு பிலா மரம். அடித்தூரிலேயே சக்கை, பலாக்காய்தான், பிடித்திருந்தது. போய் ஒரு இளம் சக்கையின் காம்பில் கத்தியால் இரண்டு கீறல் போட்டாள். வெள்ளை வெளேரென்று பால் வடிந்தது. பிறகு தோளில் போட்டிருந்த மேல்முண்டை எடுத்தாள். பல்லால் ஓரத்தைக் கடித்து, நீளவாக்கில் சர்ரென்று கிழித்தாள்.

எங்கள் பக்கத்தில் அந்த மேல்துணியைத் தோளில் போடும் உரிமைக்காகப் பாட்டிமார் காலத்துப் பெண்கள் பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்தவன் நான். அவளுக்கு இருந்ததே அந்த ஒரு முண்டு என்பதும் எனக்குத் தெரியும். 

துணிப் பட்டையில் சக்கைப் பாலைத் தோய்த்துத் தோய்த்து எடுத்து வந்தாள். "வீலு எங்க இருக்கு? எனக்கு கை எட்டாது. நீங்க சுத்துங்க, நான் சொல்லியேன்," என்றாள். கீழே உள்ள புல்லியில் கை வைக்க முடியாது, ரேடியேட்டரைக் கழற்ற வேண்டும். மேல் புல்லிக்கு விரல் எட்டியது. சூட்டில் விரல் பொசுங்க, முதலில் நடுவில் குறுகலாக ஒரு சுற்று, அதன்மேல் கொஞ்சம் அகலமாக ஒரு சுற்று, அதன்மேல் இன்னும் அகலமாக என்று அவள் சொல்லச் சொல்லச் சுற்றினேன். "நடுவுல வயிறு வந்துதா? விரலு வச்சுப் பாருங்க." தடவிப் பார்த்தேன். குழி நிரம்பி, நடுவில் மேடு தட்டியிருந்தது. சக்கைப் பால் என் விரலையும் துணியையும் சேர்த்து ஒட்டிக்கொண்டது. பெல்ட்டைப் பிய்ந்த ஓரம் வெளியே வராதபடி வெட்டிவிட்டு மாட்டினேன்.

கார் ஏற்றம் ஏறியது. பெல்ட் விழவில்லை. கருங்கல் சந்தை தாண்டியது. விழவில்லை. நான் ஓட்டிய ஒவ்வொரு பர்லாங்கும் காதை முன்னால் வைத்துத்தான் ஓட்டினேன். நெய்யூர் ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை நிறுத்தியபோதும் பெல்ட் நடுவிலேயே இருந்தது. பிறகு ஒரு மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தட்டையான பட்டை எப்போதும் உயரம் இருக்கிற பக்கமாக ஏறிப் போகும். நடுவில் மேடு இருந்தால் நடுவில் நிற்கும். ஓரம் மேடாக இருந்தால் ஓரத்துக்கு ஏறி வெளியே சாடும். கயிறு ஓடும் கப்பியின் விஷயம் வேறு. இதை அவள் எந்த மெக்கானிக்கிடமும் கேட்கவில்லை. கண்ணால் பார்த்து வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

அவள் புருஷன் பிழைத்தார். ஆனால் காலை எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்கு மேலே.

வழியில் நான் வீணாக்கிய அந்த ஒரு மணி நேரத்தில்தான் அந்தக் கால் போயிற்றோ? ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் தனியாகக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் கேக்கப்பிடாது. போயி சாயா குடியும்," என்றார். அவர் ஆம் என்று சொல்லியிருந்தாலும் இல்லை என்று சொல்லியிருந்தாலும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. அன்று வெளியே வந்து கார் மறைவில் நின்று அழுதேன்.

இரண்டு வாரம் கழித்து, என் மனைவி ஒரு புது மேல்முண்டு எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். அவர் பாயில் உட்கார்ந்து ஓலை கிழித்துக்கொண்டிருந்தார். அவள் முண்டை வாங்கவில்லை.

"வேண்டாம் அக்கா. நான் துணி கீறினது எனக்க ஆளுக்கு வேண்டியாக்கும். அண்ணனுக்க காருக்கு வேண்டி இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ அண்ணைக்கே பறஞ்ச. நான் கேக்கல்ல," என்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் அக்கானி கொண்டு வந்து வைத்தாள். கலயம் காலியாகும் வரை தலை நிமிராமல் குடித்தேன்.

ஆடி மாதம் சீமையிலிருந்து இரும்புப் புல்லிகள் வந்தன. பொட்டலத்தைப் பிரித்ததும் காரிடம் போகவில்லை. நேரே அவள் வீட்டுக்குத்தான் எடுத்துப் போனேன். அவள் கையை உடுத்திருந்த முண்டில் துடைத்துவிட்டு ஒன்றை வாங்கி, நடுவில் கட்டை விரலை வைத்து மெதுவாகத் தடவினாள். பிறகு புருஷனிடம் நீட்டினாள். அவரும் தடவிப் பார்த்தார்.

"கொள்ளாம் அண்ணே. வயிறு உண்டு. மாட்டுங்க," என்றாள்.

அதன் பிறகு எத்தனையோ வண்டி, எத்தனையோ பழுது பார்த்துவிட்டேன். அவளை மட்டுமல்ல, எந்தப் பெண்ணையும் 'ஏட்டி, போ' என்று என் நாக்கு சொன்னதில்லை. அன்று என் முற்றத்தில் அவள் சொன்னதைக் கேட்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தை நான் கொடுக்காததால்தானோ என்னவோ ஒற்றைக் காலோடு உட்கார்ந்து ஓலை கிழித்தவர், கடைசி வரை என்னைக் கண்டால் சிரித்துக்கொண்டே "வா மக்கா" என்று பாயில் இடம் ஒதுக்கித் தந்ததைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.