பூதக்கண்ணாடி அக்கா விருந்தாளியான கதை

அந்தப் பெரிய ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கெல்லாம் மேலே இருந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. சம்பளம் போடுகிறவரைத் தவிர வேறு யாருக்கும் அது நினைவில் இல்லை. எல்லோருக்கும் அவர் பூதக்கண்ணாடி அக்கா. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார் என்று சொன்னால் கூடக் குறைவுதான். கதவைத் திறந்து வாசலிலேயே நின்று மூக்கை ஒரு தரம் உறிஞ்சுவார். "குளியலறைக் கதவுக்குப் பின்னாடி துடைக்கல" என்பார். போய்ப் பார்த்தால் துடைத்திருக்க மாட்டார்கள்.

"நல்லா இருக்கு" என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. குறையே இல்லாத அறையாக இருந்தால் "ம்" என்பார். அந்த ஒரு "ம்"முக்காகத் தவம் கிடந்த பெண்கள் அங்கே உண்டு.

கட்டின புருஷனுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவர் பிரம்புக்காரர், நாற்காலி, கூடை, மோடா என்று பின்னுகிறவர். கல்யாணமான புதிதில் மனைவிக்கென்று ஆசை ஆசையாக ஒரு சாய்வு நாற்காலி பின்னிக் கொடுத்தார். அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஓட்டைக்குள்ள தூசி அடையுமே" என்றார். அந்த நாற்காலியில் இன்றுவரை துவைத்த துணிதான் உட்கார்ந்திருக்கிறது. மனுஷன் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, மறக்கவும் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஹோட்டல் முதலாளிக்குப் புதிய யோசனை வந்தது. தூங்கி எழுந்த விருந்தாளிக்குத் தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியவில்லையாம். எல்லா ஹோட்டல் அறையும் ஒரே அச்சாம். இனி ஒவ்வொரு அறையிலும் ஓவியர்கள் கையும் கைவினைக்காரர்கள் கையும் பட்டிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதற்காக ஒரு டிசைனர் அம்மாவும் வந்து சேர்ந்தார். "ஒவ்வொரு பொருளும் ஒரு கதை சொல்லணும்" என்று அவர் பேச்சுக்குப் பேச்சு சொன்னதால், அன்று மாலைக்குள்ளேயே அவருக்குக் கதையம்மா என்று பெயர் விழுந்துவிட்டது.

"கதை சொல்ற சாமான் எல்லாமே தூசி பிடிக்கும், மேடம்" என்றார் அக்கா.

மாதிரிக்கு ஓர் அறை தயாரானது. கண்ணாடியைச் சுற்றி இலையும் கொடியுமாகச் செதுக்கிய மரச்சட்டம். அதைத் துடைக்கப் பல்துலக்கும் பிரஷ்தான் வேண்டும். கைத்தறிக் கம்பளத்தின் குஞ்சங்கள் தூசி உறிஞ்சும் மெஷினுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டன. சுவரில் தொங்கிய ஓவியத்துப் பறவை, படுக்கையில் படுப்பவரை வைத்த கண் வாங்காமல் பார்த்தது. கட்டிலின் தலைமாட்டில், சுவரோடு சுவராக, அறுகோணக் கண்கள் வைத்துப் பின்னிய பெரிய பிரம்புத் தட்டி. கதையம்மா ஊரெல்லாம் தேடி அலைந்து அதைப் பின்னக் கண்டுபிடித்த கைவினைக்காரர், நம் அக்காவின் வீட்டுக்காரர்தான்.

முதலாளிக்கு மற்றதெல்லாம் பிடித்துப்போயிற்று. தட்டியில் மட்டும் சந்தேகம். "பார்க்க அழகு. சாய்ஞ்சா குத்துமா? ஒரு நாள் பரிசோதிச்சுச் சொல்லுங்க. சரிவரலைன்னா ஃபேக்டரியில செய்ற மெத்தை வெச்ச தட்டியே எல்லா அறைக்கும் வாங்கிடலாம்" என்றார். சரிவந்துவிட்டால் அத்தனை அறைக்கும் பிரம்புக்காரர்தான் பின்ன வேண்டும். பழைய நாற்காலிகளின் பொத்தலை அடைத்தே காலம் தள்ளிக்கொண்டிருந்தவருக்கு ராத்தூக்கம் போயிற்று.

அந்த ஹோட்டலில் பரிசோதனைக்கு ஒரு முறை உண்டு. வேலை செய்கிறவர்களில் ஒருவர் குடும்பத்தோடு மாதிரி அறையில் ஒரு பகல் முழுக்க விருந்தாளியாக இருக்க வேண்டும். எதையும் ஒழுங்குபடுத்தக் கூடாது. மாலையில் டிசைனர் வந்து, ஈரத்துண்டு எங்கே கிடக்கிறது, எந்தத் தலையணை நசுங்கியிருக்கிறது, எந்த நாற்காலியில் சட்டை தொங்குகிறது என்று பார்த்தே அறை தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார்.

மேனேஜர் பூதக்கண்ணாடி அக்காவைத்தான் தேர்ந்தெடுத்தார். "தட்டி இவங்க வீட்டுக்காரர் பின்னினது ஆச்சே?" என்று யாரோ கேட்டதற்கு, "அதனாலதான்! இந்த ஊர்ல அவருக்குப் பரிஞ்சு பேசாத ஒரே ஆள் இவங்கதான்" என்றார்.

பிரம்புக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கினார். நுழைந்ததும் தண்ணீர் குடித்து டம்ளரை மேஜையில் வைத்தார். கை எடுப்பதற்குள் அதன் அடியில் ஒரு தட்டு வந்துவிட்டது. குளித்துவிட்டு வந்தார். தலை துவட்டிப் போட்ட துண்டு போன இடம் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார். அக்கா மெத்தையைத் தட்டி நிமிர்த்தினார்.

"ஏம்மா, நாமதானே விருந்தாளி?"

"விருந்தாளின்னா குப்பை போடணுமா? அந்தப் பக்கம் நகருங்க, கம்பளம் சுருங்குது."

"சரி, அதை விடு. தட்டி எப்படி இருக்கு?" சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டார். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது.

அக்கா தட்டியைப் பார்த்தார். "தூசி அடையும்."

"சாய்ஞ்சு பாரேன்."

"விருந்தாளிங்க கட்டில்ல நான் இதுவரைக்கும் உட்கார்ந்ததே இல்ல. இனிமேலா உட்காரப் போறேன்?"

பிரம்புக்காரர் பெருமூச்சு விட்டுப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கிளம்பிற்று. அக்காவுக்குச் செய்ய வேலை எதுவும் மிச்சமில்லை. குழாயைத் துடைத்தாயிற்று, பறவைக்கும் தூசி தட்டியாயிற்று. கடைசியில், வேலையை வேலையாகச் செய்துவிடுவோம் என்று, கட்டிலின் ஓரத்தில் கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். பிரம்பு நுனி எங்காவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவினார். இல்லை. உள்ளங்கை காய்ப்புப் பிடித்தது, அதை நம்ப முடியாது. கன்னம்தான் உண்மை சொல்லும் என்று கன்னத்தை வைத்துப் பார்த்தார். பிரம்பு வழவழவென்று குளுமையாக இருந்தது. லேசாக அமுங்கிக் கொடுத்தது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று கண்ணை மூடினார்.

தொலைபேசி அலறியபோது வெயில் சாய்ந்திருந்தது. "அக்கா, நாங்க மேல வர்றோம்" என்றார் மேனேஜர்.

அக்கா துள்ளி எழுந்தார். ஆள் வருகிறார்கள், அறை கலைந்து கிடக்கிறது! அந்த நேரத்தில் அவருக்கு வேறெதுவும் நினைவில்லை. புருஷனைப் புரட்டி இறக்கினார், விரிப்பை இழுத்துச் செருகினார், தலையணைகளைக் குத்தி உப்ப வைத்தார், கைக்குட்டையால் தட்டியை ஒரு துடை துடைத்தார். கதவு திறந்தபோது அறை அன்றுதான் பிறந்த மாதிரி இருந்தது.

கதையம்மா சுற்றிப் பார்த்தார். நசுங்காத தலையணை, காய்ந்த துண்டு, சுருக்கமில்லாத விரிப்பு. "நீங்க ரெண்டு பேரும் இங்க வரவே இல்லையா, அக்கா?"

"வந்தோமே" என்றார் பிரம்புக்காரர் பரிதாபமாக.

"வந்ததுக்கு அடையாளமே இல்லையே! நான் எதை வெச்சுச் சொல்றது?"

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "முதலாளி நாளைக்கு ஊருக்குப் போறார். இன்னிக்கே பதில் சொல்லியாகணும். பேசாம மெத்தைத் தட்டியே சொல்லிடுறேன்."

பிரம்புக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்த்த பிறகுதான், தட்டியோடு சேர்த்து அவர் பிழைப்பையும் துடைத்துவிட்டோம் என்பது அக்காவுக்கு உறைத்தது. ஏதாவது நல்லதாகச் சொல்லியாக வேண்டும். வாயைத் திறந்தார். பழக்கம் விடுமா? "அந்தக் கண்ணாடிச் சட்டத்துல மூணாவது இலை..." என்றுதான் வந்தது.

கதையம்மா கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. அக்காவின் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அக்கா, உங்க கன்னம்!"

இடது கன்னம் முழுக்க, காது முதல் தாடை வரை, அறுகோணம் அறுகோணமாகப் பின்னல் பதிந்து சிவந்திருந்தது. ஊரில் உள்ள கறையையெல்லாம் கண்டுபிடித்தவர், தன் முகத்தில் இருந்ததைப் பார்க்கத் தவறிவிட்டார்.

மேனேஜர் விடவில்லை. "இப்படித் தடம் பதிஞ்சா விருந்தாளிங்க புகார் பண்ண மாட்டாங்களா?"

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவரிடம் குறை சொல்லவும் ஒருவர் கிளம்பிவிட்டாரே! "என்ன சார் பேசுறீங்க? குத்தியிருந்தா நான் உடனே எழுந்திருக்க மாட்டேனா? இவ்வளவு ஆழமா பதியணும்னா எவ்வளவு நேரம் தூங்கியிருக்கணும்? வேலை நேரத்துல நான் கண் அசந்து எப்பவாவது பார்த்திருக்கீங்களா? நல்லா இருக்கப் போய்த்தான் சார் தூங்கினேன். ரொம்ப நல்லா இருக்கு!"

அந்தச் சொல்லைச் சொன்னது தான்தான் என்பது அக்காவுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. பிரம்புக்காரர் சுவரில் இருந்த பறவையை மும்முரமாகப் பார்த்தார்; கண் கலங்கியதை மறைக்க அதைவிட நல்ல வழி அவருக்குத் தெரியவில்லை.

மேனேஜர் அக்காவிடம் கேட்டுக்கொண்டு கன்னத்தைப் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினார். அவர்கள் லிஃப்டுக்குள் போவதற்குள் பதில் வந்துவிட்டது: எல்லா அறைக்கும் பிரம்புதான்.

லிஃப்டின் கண்ணாடியில் அக்கா முதல்முறையாகத் தன் கன்னத்தைப் பார்த்தார். கை தானாகக் கைக்குட்டையை எடுத்தது. தேய்த்தார். பக்கத்தில் பிரம்புக்காரர் அவர் கன்னத்தில் பதிந்திருந்த தன் பின்னலை ஒவ்வொரு கண்ணாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வீட்டுக்குப் போனதும் அந்த நாற்காலியில கிடக்கிற துணியை எல்லாம் எடுங்க" என்றார்.