வாய் மாறிச் சொன்ன பாடம்

நான் உடுவிலில் வீட்டிலேயே சவர்க்காரம் செய்து விற்பவள். அதை இணையவழியில் கற்பிக்கும்படி பலர் கேட்டும், பட்டம் பெறாத எனக்கு அந்தத் தகுதி உண்டா என்று ஒரு வருடம் தயங்கினேன். கடைசியில் துணிந்து பதினொரு பேருக்கு முதல் காணொளியை அனுப்பினேன்.

மறுநாள் காலை அதைப் போட்டுப் பார்த்தபோதுதான் என் பிழை தெரிந்தது. கோஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீருக்குள் சிறிது சிறிதாகப் போட வேண்டும். நானோ சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றச் சொல்லியிருந்தேன். அப்படி ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும், கண்ணே போய்விடலாம்.

காணொளியை நீக்கிவிட்டு எல்லோரையும் தொலைபேசியில் அழைத்தேன். பத்துப் பேர் இன்னும் தொடங்கவில்லை. சண்டிலிப்பாயில் இருக்கும் சுகந்தி மட்டும் எடுக்கவேயில்லை.

"நான் படிப்பிக்க வெளிக்கிட்டதே பிழையப்பா" என்று கணவரிடம் அழுதேன்.

"பிறகு அழலாம், வாரும்" என்று அவர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். வழி முழுவதும் சுகந்தியின் முகத்தை நினைக்கவே பயமாக இருந்தது.

அவள் கையுறையோடு வந்து படலையைத் திறந்தாள். "சோடா கரைச்சுக்கொண்டு நிண்டனான் அக்கா, அதுதான் போன் எடுக்கேல்லை. நீங்கள் வாயாலை மாறிச் சொன்னீங்கள். உங்கடை கை சரியாத்தான் செய்தது. நான் கையைப் பாத்துத்தான் செய்தனான்."

வகுப்பை விடப்போகிறேன் என்றேன். "விடாதேங்கோ, திருத்திப் போடுங்கோ" என்றாள்.

பயம் இன்னும் போகவில்லை. இப்போது ஒவ்வொரு பாடத்தையும் முதலில் சுகந்திக்கு மட்டும் அனுப்புகிறேன். அவள் படத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டு, "ஓம் அக்கா, சரி" என்ற பிறகே மற்றவர்களுக்கு அனுப்புகிறேன்.